பெட்டியில் கசகசா: முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்குச் சட்டமும் வழக்கமும்

என் சித்தி முதன்முதலாக துபாய்க்குக் கிளம்பியபோது பெட்டி கட்டியதே ஒரு திருவிழா மாதிரி நடந்தது. மகள் வீட்டுக்குப் போகிறார், வெறுங்கையோடு போக முடியுமா? பருப்புப்பொடி, சுண்டைக்காய் வற்றல், நார்த்தங்காய், புளி என்று ஒவ்வொன்றையும் பையில் அடைத்து, மேலே பேனாவால் பெயர் எழுதி, பெட்டி 30 கிலோவைத் தொட்ட நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். பத்து வருஷம் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒவ்வொரு பையாகத் தூக்கிப் படித்தவர், ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

"அக்கா, இத விட்டுட்டுப் போங்க."

கசகசா. கால் கிலோ. குருமாவுக்காக வைத்தது.

"கசகசாவுல என்ன தம்பி இருக்கு? நம்ம மளிகைக் கடையில விக்கிறதுதானே?" என்று சித்திக்குக் கோபமே வந்துவிட்டது.

சித்தி கேட்டதில் தப்பில்லை. கசகசா அபின் செடியின் விதை. அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மார்பினும் ஹெராயினும் அதிலிருந்து வருபவை. விதைக்குள் போதை கிடையாது, ஆனால் அந்தப் பாலின் தடயம் மேலே ஒட்டியிருக்கலாம். இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். விதை மட்டும் சமையலறைக்கு வந்துவிடுகிறது, நாமும் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோம். அமீரகத்திலும் சவுதியிலும் அந்த விதையே தடை செய்யப்பட்ட பொருள். இங்கே அஞ்சறைப்பெட்டிச் சாமான், நாலு மணி நேர விமானப் பயணத்துக்கு அப்புறம் போதைப்பொருள் வழக்கு. பொருள் மாறவில்லை, அது இருக்கும் மண் மாறிவிட்டது.

சட்டம் மண்ணோடு ஒட்டியது

நிறையப் பேர் மனத்தில் ஒரு மங்கலான எண்ணம் உண்டு: நான் இந்தியன், அல்லது இலங்கையன், என் நாட்டுச் சட்டம்தான் எனக்கு, போகிற நாட்டின் சட்டம் அந்த நாட்டுக்காரர்களுக்கு. இது தவறு. ஒரு நாட்டின் எல்லைக்குள் கால் வைத்த யாருக்கும், அங்கேயே பிறந்தவரானாலும் மூன்று நாள் சுற்றுலா வந்தவரானாலும், அந்த நாட்டின் சட்டம்தான். பன்னாட்டுச் சட்டத்தில் இதை நிலப்பரப்பு சார்ந்த அதிகார வரம்பு என்பார்கள். பெயர்தான் பெரியது, விஷயம் அவ்வளவுதான். வெளிநாட்டுத் தூதர்களுக்கு மட்டும் 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி விலக்கு உண்டு. நீங்களும் நானும் தூதர்கள் இல்லை.

எல்லைக்குள் என்றால் எங்கிருந்து? குடிவரவு மேசையில் முத்திரை குத்திய பிறகா? இல்லை, விமானம் தரையிறங்கியதுமே. விமானம் மாறுவதற்காக இரண்டு மணி நேரம் காத்திருப்பவரும் அதில் சேர்த்தி. 2002 டிசம்பரில் ஆஸ்திரேலியக் குடிமகன் ஒருவர் கம்போடியாவிலிருந்து மெல்போர்ன் போகும் வழியில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பிடிபட்டார். சிங்கப்பூருக்குள் போகும் எண்ணமே அவருக்கு இல்லை. அடுத்த விமானத்துக்காகத்தான் இறங்கியிருந்தார். அவரிடம் இருந்தது 396 கிராம் ஹெராயின். சிங்கப்பூர்ச் சட்டத்தில் 15 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனை வரை போகும். ஆஸ்திரேலியப் பிரதமர் வரை மன்றாடியும் 2005 டிசம்பர் 2-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். மரண தண்டனை சரியா என்பது வேறு விவாதம், எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் 'நான் சும்மா கடந்துதானே போகிறேன்' என்ற வாதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதற்கு இதைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அருகே சீமேன் கார்ட் ஓஹையோ என்ற கப்பலை நம் கடலோரக் காவல் படை மடக்கியது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் வேலை என்றார்கள் கப்பலில் இருந்தவர்கள். பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று நாலு நாட்டுக்காரர்கள், மொத்தம் 35 பேர். துப்பாக்கிகளும் ஆயிரக்கணக்கில் தோட்டாக்களும் இருந்தன. அவர்கள் தொழிலில் அவை சாதாரணக் கருவிகள். இந்தியச் சட்டத்தின் கண்ணில் உரிமமில்லாத ஆயுதங்கள். தூத்துக்குடி நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குற்றமில்லை என்று விடுவித்தது. நிரபராதி என்று நிரூபணமாக நாலு வருஷம் ஆனது. பிரிட்டனில் அவர்கள் குடும்பத்தார் என்ன புலம்பியிருப்பார்கள் என்று யோசித்தால், நம் வீட்டுப் பிள்ளை வளைகுடாவில் மாட்டிக்கொண்டால் நாம் புலம்புவதிலிருந்து அது பெரிதாக மாறியிருக்காது.

இன்னொன்று, இந்தியர்களுக்கே அதிகம் தெரியாதது. சாட்டிலைட் போன், மலையேறுபவர்கள் கையில் வைத்திருக்கும் சாட்டிலைட் செய்திக் கருவி எல்லாம் பல நாடுகளில் விளையாட்டுச் சாமான் கடையிலேயே கிடைக்கும். இந்தியாவுக்குள் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி இல்லாமல் வெளிநாட்டவர் அதைக் கொண்டுவரக் கூடாது. காட்டில் வழி தப்பினால் உயிர் காக்கும் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நம் விமான நிலையங்களில் பிடிபடுகிறார்கள். அவர்களுக்கும் சித்தியின் கேள்விதான்: இதில் என்ன இருக்கிறது?

'எனக்குத் தெரியாது' என்றால் விடுவார்களா?

விட மாட்டார்கள். தெரியாமல் செய்தேன் என்பது அநேகமாக எந்த நாட்டு நீதிமன்றத்திலும் குற்றத்தை அழிக்காது. நீதிபதி மனம் இளகினால் தண்டனை குறையலாம், அவ்வளவே.

போதைப்பொருள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. வழக்கமாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தில், பொருள் உங்கள் பையில் இருந்தால் அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டத்திலும் இதே மாதிரி ஒரு பிரிவு இருக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. கிளம்புகிற அன்று மாலை தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் வருவார். "தம்பி, இந்தப் பார்சல மட்டும் கொண்டுபோய்க் குடுத்துடுங்க, அங்க ஏர்போர்ட்லயே ஆள் வந்து வாங்கிப்பாங்க. ஊறுகாயும் ரெண்டு சேலையும்தான்." மறுத்தால் மரியாதைக் குறைவு என்று நாம் வாங்கிப் பெட்டியில் போடுவோம். விமான நிலையத்தில் 'இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா' என்று கேட்டால் 'ஆமாம்' என்றும் சொல்வோம். அந்த ஒரு சொல்லோடு உள்ளே இருப்பது எல்லாம் நம்முடையது. இதில் எனக்குத் தாட்சண்யமே கிடையாது: பிரித்துக் காட்டாத பார்சலை என் பெரியப்பா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். ஒருமுறை பிரிக்கச் சொன்னதற்கு ஒருவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

மாத்திரைகளும் இதே கதைதான், ஆனால் இங்கே ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். 2017-ல் பிரிட்டனிலிருந்து எகிப்துக்குப் போன ஒரு பெண் தன் துணைவரின் முதுகுவலிக்காக 290 டிராமடால் மாத்திரைகளை எடுத்துச் சென்றார். பிரிட்டனில் மருத்துவர் சீட்டோடு கிடைக்கிற வலி மாத்திரை. எகிப்தில் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். மூன்று ஆண்டுச் சிறை. ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார். டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை அமீரகத்துக்குள் போக முன்அனுமதி தேவைப்படலாம். அந்நாட்டு அரசின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஜப்பானில், மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் சூடோஎபெட்ரின் மாத்திரைகூட ஓர் அளவுக்கு மேல் போனால் தடை. ஆகவே மருந்தை அட்டையோடும் பெட்டியோடும் எடுத்துப் போங்கள். எவர்சில்வர் டப்பாவில் கலந்து கொட்டிக்கொண்டு போகாதீர்கள். மருத்துவர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும், கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

மின்சிகரெட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம், தாய்லாந்தில் தடை, இந்தியாவில் 2019 முதல் விற்பனை தடை. லண்டனில் வாங்கினேன் என்பது எங்கும் பதிலாகாது.

தூதரகம் வந்து கூட்டிப்போகுமா?

வருவார்கள், கூட்டிப்போக முடியாது. 1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு சொல்வது இது: வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், உன் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்பதை அவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், தூதரக அதிகாரி வந்து பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். உளவாளி என்று பாகிஸ்தான் கைது செய்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில், 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தான் மீறியதாகச் சொன்னது இந்தப் பிரிவைத்தான்.

தூதரகம் உங்கள் வீட்டுக்குச் செய்தி சொல்லும், மொழி தெரிந்த வழக்கறிஞர்களின் பட்டியல் தரும், சிறையில் அடிக்கிறார்களா என்று விசாரிக்கும். அபராதத்தைக் கட்டாது, நீதிபதிக்கு உத்தரவு போடாது. 1994-ல் சிங்கப்பூரில் கார்களுக்கு வண்ணம் பூசி நாசம் செய்ததற்காக 18 வயது அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு ஆறு பிரம்படி தீர்ப்பானது. அமெரிக்க அதிபர் கிளின்டனே கேட்டுக்கொண்டார். ஆறு நாலானது. நாலு அடியும் விழுந்தது. உலகின் மிகப் பெரிய வல்லரசு தலையிட்டுக் கிடைத்தது இரண்டு அடி தள்ளுபடி. நமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் நம் நாட்டுச் சட்டம் விமான நிலையத்தோடு நின்றுவிடுமா? அதுவும் இல்லை, சில சட்டங்கள் பின்னாலேயே வரும். இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் வெளிநாட்டிலிருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. தாய்லாந்து 2022-ல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தபோது இங்கிருந்து கூட்டம் கிளம்பியது. 2025-ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கிவிட்டார்கள். அங்கே வாங்கியதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சென்னையில் இறங்கி மாட்டுகிறவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. 2018-ல் கனடா கஞ்சாவை அனுமதித்தபோது தென் கொரியா தன் மக்களை எச்சரித்தது: அங்கே புகைத்தாலும் இங்கே குற்றம்தான். ஆக, பயணிக்கு ஒரே நேரத்தில் இரண்டு சட்டம், இரண்டில் எது கடுமையோ அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தெரிந்த முகம் ஏமாற்றும்

அந்நியமாகத் தெரிகிற ஊரில் நாம் ஜாக்கிரதையாகத்தான் இருப்போம். வழுக்குவது பழகியது மாதிரி இருக்கும் இடத்தில்தான். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் பாருங்கள். தமிழில் பெயர்ப்பலகை, மல்லிகைப்பூ, வாழையிலைச் சாப்பாடு, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. நம்ம ஊர்தானே என்று தோன்றிவிடும். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி, ஒரு ஞாயிறு இரவு, அங்கே தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் வெடித்தது. அதன் பின் 2015-ல் வந்த சட்டப்படி சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே வார இறுதியில் பகலிலும் கூடாது. ஞாயிறு மதியம் புல்வெளியில் உட்கார்ந்து நண்பனோடு ஒரு பீர் டின்னைத் திறந்தால், பின்னால் பாட்டு தமிழில் ஓடுகிறது என்பதால் யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

இலங்கையும் அப்படித்தான், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. பக்கத்து வீடு மாதிரி. ஆனால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அங்கே அவமதிப்பு. 2012-ல் புத்தர் சிலையை முத்தமிடுவது போலப் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்குக் காலி நகர நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்து, அதை நிறுத்திவைத்தது. படத்தை அச்சிடக் கொடுத்த கடையிலிருந்தே போலீசுக்குத் தகவல் போய்விட்டது. 2014-ல் கையில் தாமரையில் அமர்ந்த புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே பிடித்து நாடு கடத்தினார்கள். அவர் பக்தியால் குத்திக்கொண்டவர். அவர் வழக்குப் போட்டார். 2017-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று சொல்லி எட்டு லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் என்று சொல்லி அந்த அதிகாரிகள் காட்டியது உண்மையில் மனம் புண்பட்ட வழக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு சில நாடுகளில் அவ்வளவு மெல்லியது.

வழக்கம் வேறு மாதிரி வேலை செய்யும்

கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடிக்கிறோம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக. யாரும் நமக்குப் பாடம் நடத்தியதில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. இப்போது ஒரு வெள்ளைக்காரர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டு, இலையை அந்தப் பக்கமாக மடித்துவிட்டார் என்று வையுங்கள். பந்தியில் யாரோ ஒரு பாட்டி பதறுவார். அப்புறம் யாராவது சிரித்துக்கொண்டே திருப்பி மடிக்கச் சொல்லித் தருவார்கள். அவரும் முகம் சிவந்து, திருத்திக்கொண்டு, ஒரு கும்பிடு போடுவார். அன்று முழுக்க அவர்தான் எல்லாருக்கும் செல்லம். அதே ஆள் "இலையில என்ன இருக்கு, எந்தப் பக்கம் மடிச்சா என்ன" என்று தோளைக் குலுக்கினால்? மறு வருஷமும் அந்தக் கதையைச் சொல்லித் திட்டுவோம்.

சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் நடுவே நான் பார்த்த பெரிய வித்தியாசம் இதுதான். சட்டம் தெரியாதவனையும் தண்டிக்கும். வழக்கம் தெரியாதவனை விட்டுவிடும், அலட்சியக்காரனைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் சட்டத்தைக் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து படித்துவிட வேண்டும். வழக்கத்தைப் போய்ப் பார்த்தே கற்கலாம், கண்ணைத் திறந்து வைத்திருந்தால்.

ஜப்பானில் சோற்றுக்குள் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோறு அப்படி இருக்கும். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை எடுத்து வைப்பது அப்படி. நம் இலைக் கணக்குதான், வேறு பாத்திரத்தில். தாய்லாந்தில் தலையைத் தொடாதே, காலை யார் பக்கமும் நீட்டாதே என்பார்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நமக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். நாம் தடுக்கி விழும் இடங்கள் வேறு. டோக்கியோ ரயிலில் எல்லாரும் வாய் மூடி உட்கார்ந்திருக்க, நாம் ஊருக்குப் போன் போட்டு "ஹலோ, கேக்குதா?" என்று கத்துவோம். முதல் சந்திப்பிலேயே சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அன்பாக விசாரிப்போம். முன்பின் தெரியாத குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவோம். வரிசையில் முன்னால் நிற்பவர் கழுத்தில் நம் மூச்சுக்காற்று படும். இவற்றில் எதற்கும் யாரும் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நாமும் 'இந்த ஊர்க்காரங்க பழக மாட்டாங்க' என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவோம்.

ஒரு நாட்டுக்குள்ளேயே வழக்கம் மாறுவதும் உண்டு. நகரும் படிக்கட்டில் டோக்கியோக்காரர்கள் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாக்காரர்கள் வலப்பக்கம். எந்தக் கையேட்டையும் புரட்ட வேண்டாம். முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தால் போதும்.

மெல்லச் சொல்லிப் பார்த்துக் கேட்காதபோது வழக்கம் சட்டமாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் உலுரு என்ற பெரும்பாறை அனங்கு பழங்குடியினருக்குப் புனிதமானது. எங்கள் மலை, தயவுசெய்து ஏறாதீர்கள் என்று பல வருஷம் பலகை வைத்துப் பார்த்தார்கள். ஏறிக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபர் 26 முதல் ஏறவே முடியாது, தடை. ஜப்பானில் கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷா என்ற மரபுக் கலைப் பெண்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்ததன் விளைவு, 2024-ல் அங்குள்ள தனியார் சந்துகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள். மீறினால் பத்தாயிரம் யென். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்தால் 400 யூரோ வரை போகும். படிக்கட்டு உட்காரத்தானே என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் அங்கே குப்பை கூட்டுகிறவரிடம் கேட்டால் வேறு பதில் வரலாம்.

பாலித் தீவின் நியெப்பி நாளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 'சக' என்ற பழைய இந்திய நாட்காட்டிக் கணக்கில் அவர்களுக்கு அது வருஷப் பிறப்பு. நம் பக்கத்து யுகாதியை ஒட்டி, பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று 24 மணி நேரம் தீவு முழுக்க மௌனம். விளக்கு கூடாது, வேலை கூடாது, தெருவில் நடமாட்டம் கூடாது. விமான நிலையமே மூடிவிடும். சுற்றுலாப் பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. கட்டம் போட்ட துணி கட்டிய பெச்சலாங் என்ற ஊர்க்காவலர்கள் தெருவில் சுற்றி வருவார்கள். மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் போச்சே என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. இருட்டிய பிறகு மேலே பார்த்தால் தீவில் ஒரு விளக்குகூட இல்லாத வானம். அதற்காகவே அந்தத் தேதி பார்த்துப் போகிறவர்களும் உண்டு.

எவ்வளவு தூரம் வளைந்துகொடுப்பது?

பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்று ஒரு பழமொழி இருக்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நடுத்துண்டைத் தின்ன வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை; தின்கிறவர் முன்னால் மூக்கைப் பொத்தாமல் இருந்தால் போதும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் கொரியாவில் நண்பர் வீட்டு விருந்தில் 'என்னால் முடியாது, மன்னியுங்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். தட்டைத் தள்ளி வைத்து 'எப்படித்தான் இதைத் தின்கிறீர்களோ' என்றால்தான் வம்பு.

சில நாட்டுச் சட்டங்கள் அநியாயமானவை என்று எனக்குத் தோன்றும், உங்களுக்கும் தோன்றலாம். தாய்லாந்தில் அரசரை இழிவுபடுத்தினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு. அரசர் படங்களின் மேல் வண்ணம் தெளித்த சுவிட்சர்லாந்துக்காரருக்கு 2007-ல் பத்தாண்டு விதித்து, அப்புறம் அரச மன்னிப்பில் விட்டு நாடு கடத்தினார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து அந்த நாட்டு இளைஞர்களே சிறை சென்றிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தின் கனம் தெரியாமல் பேஸ்புக்கில் ஒரு நகைச்சுவையைப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்வது வீரம் ஆகாது. சட்டம் சரியென்று ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. அது அங்கே இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கத்தான் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. 'இங்கே எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க' என்று அங்கேயே பத்து வருஷமாக இருக்கும் மாமா சொல்வார். காவலருக்குக் கொஞ்சம் கொடுத்தால் விட்டுவிடுவார், சிக்னலில் யாரும் பார்ப்பதில்லை, சுற்றுலா விசாவில் வேலை செய்தால் பிரச்சினை இல்லை. மாமா பிடிபடாதவர், அவ்வளவுதான். லஞ்சம் எந்த ஊரிலும் வழக்கம் என்ற பெயரில் சட்டமாவதில்லை.

கடைசியாகச் சுங்கப் படிவம். பயந்து பயந்து மறைக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவு, செடி, விதை, மரச்சாமான் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். சந்தேகமா, 'ஆம்' என்று குறியிடுங்கள். நீங்களே சொல்லிவிட்டால், கூடாததை எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அதோடு சரி. மறைத்து மாட்டினால் அபராதம், சில நேரம் விசாவே ரத்து.

நான் மெல்போர்னில் இறங்கியபோது எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' போட்டுத் தனி வரிசையில் நின்றேன். அதிகாரி பெட்டியைத் திறந்தார். சீல் உடைக்காத ஊறுகாய் பாட்டிலைப் புரட்டிப் பார்த்துத் திரும்ப வைத்தார். பருப்புப்பொடியை முகர்ந்து பார்த்துத் தும்மினார். செய்தித்தாளில் சுற்றியிருந்த கறிவேப்பிலைக் கொத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போக வைக்கும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி இந்த இலையில் குடியிருக்கும் என்றார். அமெரிக்காவில் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அந்த நோயில்தான் நொடித்துப்போனதாம். நான் திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் இலையை ஒரு முறை கசக்கி முகர்ந்துவிட்டு, "நல்ல வாசனை" என்று சொல்லி, மஞ்சள் தொட்டியில் போட்டார்.